தூண் மறைக்கிற பார்

உலகக் கால்பந்துப் போட்டி தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஆட்டம் பார்க்க ஒரு பார் பிடித்துத் தரும் பொறுப்பைச் சிக்னல்காரர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தலையில் வந்து விழுந்தால்தான் உண்டு.

அந்தக் கட்டடக் குழுவில் அப்படி ஒரு வழக்கம். பெரிய போட்டி வந்தால் ஒருவர் இடம் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் மாதம் முழுக்க எல்லோரும் உட்கார வேண்டும். நடுவில் இடம் மாற்றினால் தங்கள் அணி தோற்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் பீர் சூடாக இருந்தாலும் நாற்காலி குத்தினாலும் எழுந்து போக வழியில்லை. இடம் பிடித்தவரைத் திட்டத்தான் வழியுண்டு. போன தடவை பிடித்தவர் வெல்டர். அந்த பாரில் கழிப்பறைக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குத் திரைதான். நாலு வருஷமாகியும் அவருக்கு அந்தப் பேச்சு ஓயவில்லை.

தங்கள் அணி என்று அவர்கள் சொல்லிக்கொண்டது நீலச் சட்டை போட்ட அணியை. அந்த நாட்டை இவர்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கம்பெனி கொடுத்த வேலைச் சட்டையும் நீலம், அவ்வளவுதான் காரணம். புதுச் சட்டை வாங்கும் செலவு மிச்சம் என்று வெல்டர் சொல்வார்.

"நான் பாக்கறேன் எடத்த," என்றார் சிக்னல்காரர், மதியச் சாப்பாட்டின்போது.

வெல்டர் கையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "தானா வந்து தலையக் குடுக்கிற. வீட்ல ஏதும் சண்டையா சிக்னலு?"

சிக்னல்காரர் சிரித்தார். வெல்டர் என்ன சொன்னார் என்பது அவருக்கு முழுசாகத் தெரியாது. வெல்டரின் முகம் கேலி பண்ணும் முகமாக இருந்தது, அதனால் சிரித்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு இடது காது செத்து ஆறு வருஷம் ஆகிறது. வலது காதும் ரெண்டு வருஷமாகப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷம் கம்ப்ரஸருக்கும் கல் உடைக்கும் மெஷினுக்கும் பக்கத்தில் நின்ற காது, அதன் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார், மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். அதில் தப்பும் வரும். ஒருமுறை வெல்டர், மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னபோது இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நல்லவேளை, வெல்டருக்கு அது சரியான பதிலாகப் பட்டது. அன்றிலிருந்து இருவரும் நெருக்கம்.

வேலையில் இதுவரை காது தேவைப்படவில்லை. கிரேன் கொக்கி மேலே போகவும் கீழே வரவும் கையால் சைகை காட்டுவது அவர் தொழில். சுட்டுவிரல் வானத்தைப் பார்த்துச் சுழன்றால் தூக்கு. தரையைப் பார்த்துச் சுழன்றால் இறக்கு. நீட்டிய கையின் உள்ளங்கை கீழே பார்த்து ஆடினால் நிறுத்து. ஒரு கை சுழலும்போது இன்னொரு கை அதன் மேல் அசையாமல் கவிந்து நின்றால் மெதுவாக. ஏழாவது மாடித் தளத்தில் அவர் நிற்பார். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் பெண் அவர் கையைப் பார்ப்பாள். அவளை எல்லோரும் மாடிக்காரி என்றார்கள், பகல் முழுக்க மேலேயே குடியிருப்பதால். இருவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது. சைட்டில் இருக்கும் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை, அதனால் அவர் கேளாமை வெளியே தெரியாமல் கிடந்தது.

ஆனால் எட்டாவது மாடி தொடங்கிவிட்டால் பக்கத்துக் கட்டடம் குறுக்கே வந்து மறைக்கும். கூண்டிலிருந்து பார்த்தால் தளம் தெரியாது. அதற்கு மேல் கை உதவாது, வாக்கிடாக்கிதான், சைட் பேச்சில் வாக்கி. மேலே நிற்பவன் வாக்கியில் சொல்ல வேண்டும், அவள் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியை யாரிடம் கொடுப்பது என்று மேஸ்திரி யோசித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வேறு யாருமில்லை, சிக்னல்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சைட்டில் 'சிக்னல்' என்பார், கேட்டைத் தாண்டினால் 'மாப்ளே' என்பார்.

காது விஷயம் தெரிந்தால் மேஸ்திரி என்ன செய்வார் என்பதில் சந்தேகமே இல்லை. கொக்கிக்குக் கீழே இனி நிற்க விடமாட்டார். தங்கை வாழ்க்கை என்றெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை அவர். சிக்னல்காரருக்கு வேறு தொழிலும் தெரியாது, மூட்டை தூக்கும் வயதும் தாண்டிவிட்டது.

இப்போது போட்டி வேறு வருகிறது. நாலு நாளுக்கு ஒரு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மணி நேரம், மச்சான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். சைட் மாதிரி அங்கே மெஷின் ஓடாது. எந்த பார் என்பதை வேறு யாரிடமும் விட்டுவிட முடியாது என்று சிக்னல்காரர் முடிவு கட்டியது அதனால்தான்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவளுக்குக் காது விஷயம் தெரியும். அடுக்களையிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கூடத்து விளக்கை ரெண்டு தரம் அணைத்துப் போடுவாள், அவர் திரும்புவார்.

"எங்கண்ணன் கிட்ட சொல்லிடுங்க," என்றாள், அவர் முகத்துக்கு நேராக. "இல்ல நான் சொல்றேன்."

"வேணாம்."

"பாரு பாரா போய்ப் பாப்பீங்களா இப்ப? எந்தக் கடையில சத்தம் ஜாஸ்தின்னு?"

"ஆமா."

"எல்லாரும் நல்ல எடமா தேடுவாங்க. நீங்க மோசமான எடமா தேடப் போறீங்க. போய்ட்டு வாங்க."

அடுத்த மூன்று மாலைகள் வேலை முடிந்ததும் அவர் மூன்று இடங்களைப் பார்த்தார்.

முதலாவது சைட்டின் பின்வாசலுக்கு எதிரே இருந்தது. ஒரு விதவை நடத்தினாள். தாழ்ந்த கூரை, கனமான திரைச்சீலை, தரையில் தடித்த விரிப்பு. சுவரளவுக்குத் திரை, படம் கண்ணாடி போல. நாற்காலி முதுகைத் தாங்கிப் பிடித்தது. அவர் உட்கார்ந்து அறையைப் பார்த்தார். நாலு மேஜை தள்ளி ஒருவன் தலையைத் திருப்பாமலே கூட இருந்தவனிடம் ஏதோ சொன்னான், அவனும் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னான். எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இங்கே யாரும் பேசுவதற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப்போவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். விதவை வந்து எதையோ கேட்டாள். அவர் "ஆமா" என்றார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் "ஆமா" என்றார். அவள் சற்று நேரம் நின்றுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நோயாளிக்கு வைப்பது மாதிரி. குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். குழுவுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் கிடைக்காது என்று தெரிந்தே வந்தார்.

ரெண்டாவது நிலத்தடி அறை. ஒரே இருட்டு. உதடு எங்கே மூக்கு எங்கே என்று தெரியவில்லை. விளக்குக்கு அடியில் நின்ற கடைக்காரனுக்கோ உதட்டை மூடி ஒரு மீசை. அவன் பேசியபோது மீசை ஏறி இறங்கியதுதான் தெரிந்தது. அதுவும் ஆகாது.

மூன்றாவது லாரி பழுது பார்க்கும் பட்டறைக்கு ஒட்டிய தகரக் கொட்டகை. உள்ளே காலை வைத்ததுமே தரை அதிர்வது உள்ளங்காலில் ஏறியது. மூலையில் ஓர் ஆள் உயரத்துக்கு மின்விசிறி, கவசம் கழன்று தடதடத்தது. ஒலிபெருக்கி ரெண்டும் கிழிந்தவை. ஆட்கள் மேஜையைக் கையால் அடித்தார்கள், காலால் உதைத்தார்கள். தலைக்கு மேல் வரிசையாகக் குழல்விளக்கு, ஒவ்வொரு முகமும் பட்டப்பகலில் பார்ப்பது போலத் தெரிந்தது. கூரையைத் தாங்க ஓர் இரும்புத் தூண், சரியாகத் திரைக்கு முன்னால். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மைதானத்தில் ஒரு கீற்று காணாமல் போகும். முழங்கையை மேஜையில் ஊன்றினார். எலும்பு வரை சத்தம் வந்தது. ரெண்டு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார்.

முதல் ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. ஐந்து பேரும் நீலச் சட்டையோடு நேராக சைட்டிலிருந்து வந்தார்கள்: மேஸ்திரி, வெல்டர், மாடிக்காரி, கம்பி கட்டுகிற நெட்டையன், சிக்னல்காரர். மாடிக்காரி குடிக்கமாட்டாள், சோடாவோடு உட்காருவாள். கொட்டகை வாசலிலேயே வெல்டர் நின்றுவிட்டார்.

"யோவ் சிக்னலு. நடுவுல என்னய்யா அது?"

இதைக் கேட்கத் தேவையில்லை, விரல் தூணைக் காட்டியது. "ஸ்கிரீன் பெருசு," என்றார் சிக்னல்காரர்.

"பெருசுதான். பாதிய தூணு பாக்குது."

நெட்டையன் கழுத்தை ரெண்டு பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். "கோல் விழுந்துச்சான்னு தூணு கிட்டதான் கேக்கணும்ணே."

"நான் சாக்குத் திரைதான் கட்டுனேன். இவன் மைதானத்துக்கே திரை கட்டிட்டான்," என்றார் வெல்டர். நாலு வருஷப் பாரம் இறங்கிய சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

மேஸ்திரி தளம் போடும்போது மட்டம் பார்ப்பது போல அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஏதோ சொன்னார். வெல்டர் "என்னது?" என்று காதைக் குவித்தார். மேஸ்திரி மறுபடி சொன்னார். நெட்டையனும் "என்ன மேஸ்திரி?" என்றான். சிக்னல்காரரும் அவர்களோடு சேர்ந்து "என்ன?" என்றார். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைப் பயமில்லாமல் சொன்னார்.

கால் மணி நேரத்தில் ஐந்து பேரும் பேசுவதை நிறுத்திவிட்டு கைக்கு மாறிவிட்டார்கள். யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை. வெல்டர் கிளாஸை மடமடவென்று கவிழ்த்தபோது மாடிக்காரி ஒரு கையின் மேல் இன்னொரு கையைக் கவித்துக் காட்டினாள்: மெதுவாக. நெட்டையன் பரிமாறுகிறவனைப் பார்த்துச் சுட்டுவிரலைக் கீழே சுழற்றினான்: இன்னொன்று இறக்கு. அவனுக்குப் புரியவில்லை, நெட்டையன் போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவர் ஒரு சந்தேகத்துக்கு வீடியோவைப் பார்க்க வேண்டுமென்று கையால் காற்றில் சதுரம் வரைந்தார். சைட்டில் அதற்குப் பலகை வேண்டும் என்று பொருள். "பலகை கேக்கறாரு, யாராவது குடுங்க," என்று வெல்டர் கத்தியது உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. சிக்னல்காரர் தன் கையால் ஒரு முழுக் கதையே சொன்னார். எதிர் அணியின் தடித்த தடுப்பாட்டக்காரனை பெல்ட் போட்டு, கொக்கியில் மாட்டி, மெதுவாகத் தூக்கி, திருப்பி, மைதானத்துக்கு வெளியே இறக்கி, பெல்ட்டைக் கழற்றினார். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள். மேஸ்திரி தொடையில் தட்டினார்.

நீலச் சட்டை ரெண்டுக்கு ஒன்று ஜெயித்தது. அதோடு இடம் உறுதியாகிவிட்டது. தூணே ராசி என்று நெட்டையன் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போனான்.

ரெண்டாவது ஆட்டமும் ஜெயித்தார்கள். மூன்றாவது சமன். அந்த மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு நேரெதிரே உட்கார்ந்தார். தன் தோளில் வாக்கி மாட்டுகிற இடத்தைத் தட்டினார், பிறகு சிக்னல்காரரின் நெஞ்சை விரலால் தொட்டார். விரலை எட்டாக மடக்கிக் காட்டினார். எட்டாவது மாடி, வாக்கி, நீ.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடமும் அதுதான். சிக்னல்காரருக்கு எட்டாவது மாடித் தளம் கண்ணில் வந்தது, அதில் நிற்கப்போகும் ஆட்கள், தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத கூண்டிலிருந்து இறங்கிவரும் ரெண்டு டன் கம்பி. அவர் கட்டை விரலை உயர்த்தினார். சரி என்றார்.

அன்று வீட்டில் விளக்கு ரெண்டு தரம் அணைந்து எரிந்தபோது அவர் திரும்பவில்லை. பார்த்தார், திரும்பவில்லை. மனைவி வந்து எதிரே நின்றாள். "எங்கண்ணன் போன் பண்ணுச்சு. வாக்கி உங்களுக்குத்தானாம். சந்தோஷமா சொல்லுச்சு." அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள். சாதாரணமாக அவள் அப்படிப் போகிறவள் இல்லை.

நாலாவது ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போகும் ஆட்டம். கொட்டகையில் நிற்கக்கூட இடமில்லை. ஆட்டம் தொடங்கும் முன்னால் சிக்னல்காரர் கிளாஸ் வாங்கக் கல்லாப் பக்கம் போனார். அங்கே நின்றால் திரை முதுகுக்குப் பின்னால். பலகையில் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தார். ஒரு நேரம் பலகையின் அதிர்வு நின்றது. விசிறி பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். கடைக்காரன் கிளாஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நேராக நின்றான். சிக்னல்காரர் அந்தக் கொட்டகையில் பேச வேண்டிய குரலில் பேசினார்.

"அஞ்சு குடு. ஒண்ணுல ஐஸ் போடாத. ஒண்ணு சோடா மட்டும்."

கடைக்காரன் அசையவில்லை. உதட்டில் விரலை வைத்தான்.

"சோடாப்பா, சோடா. மேல உக்காந்திருக்கறவளுக்கு. ஐஸ் இல்லாதது மேஸ்திரிக்கு, அந்த ஆளுக்குப் பல்லு கூசும்." கடைக்காரனின் கண் விரிந்தது. சிக்னல்காரர் பலகையில் தட்டி இன்னும் உரக்கச் சொன்னார். "நான் சொல்றது காது கேக்குதா இல்லையா உனக்கு?"

நீலச் சட்டை அணியின் பழைய கோல்கீப்பர் ஒருவர் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். மைதானத்தில் ரெண்டு அணியும் நடுவட்டத்தைச் சுற்றித் தலைகுனிந்து நின்றன. எழுபதாயிரம் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கொட்டகையிலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், தொப்பி போட்டவர்கள் கழற்றிவிட்டார்கள், விசிறியை யாரோ அணைத்திருந்தார்கள், பட்டறையில்கூட அந்த நேரம் பார்த்து வேலை ஓடவில்லை. அத்தனை அமைதியில் மேஸ்திரியின் பல் கூச்சம் கடைசி நாற்காலி வரை போய்ச் சேர்ந்தது.

சிக்னல்காரர் திரும்பினார். நிற்கும் ஆட்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். வெல்டர் வாயைப் பொத்தியிருந்தார். நெட்டையன் தரையைப் பார்த்தான். மேஸ்திரி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. சுவர் ஓரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும் வரை காத்திருந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை.

விசில் ஒலித்தது, விசிறி ஓடியது, ஆட்டம் தொடங்கியது. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு சிக்னல்காரர் கொட்டகைக்குப் பின்னால் போனார். பழைய லாரி டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வெயில் இன்னும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்ததும் திரும்பினார். மேஸ்திரி நின்றிருந்தார்.

"மூணு தடவ கூப்பிட்டேன் மாப்ளே," என்றார், உதடு தெரியும்படி. "சத்தமாவே கூப்பிட்டேன்."

சிக்னல்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எவ்வளவு நாளா?"

"எடது ஆறு வருசம். வலது ரெண்டு."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லச் சொல்லிட்டேதான் இருந்தா."

"எட்டாவது மாடியில எத்தன பேரு நிப்பாங்க?"

"பத்துப் பேரு."

"அந்தப் பத்துப் பேருல இந்த நெட்டையனும் ஒருத்தன். தெரிஞ்சேதான் கட்டவெரலத் தூக்கிக் காட்டுன?"

"ஆமா."

மேஸ்திரி முகத்தைக் கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு தெரியணும். மேல போயிருப்பியா? நாள் வந்தா நின்னிருப்பியா அங்க?"

இதற்குச் சிக்னல்காரர் உண்மையாகவே யோசித்தார். "தெரியல மச்சான்," என்றார். "தினமும் ராத்திரி மாட்டேன்னு நெனப்பேன். காலையில எழுந்திரிச்சா கை பழையபடி வேலைக்குத்தான் போகும்."

தகரத்தைத் தாண்டி மாடிக்காரி வந்தாள், கையில் சோடாவோடு. இவர்களைத் தேடித்தான் வந்தாள். மேஸ்திரி அவளிடம் சொல்ல வாயெடுக்கும் முன்னே, "அண்ணனுக்குக் காது கேக்காது, அதானே," என்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"நான் ஹாரன் அடிச்சா சைட்ல இருக்கற எல்லாத் தலையும் நிமிரும். ஒரு தலை மட்டும் நிமிராது. மேலருந்து பாக்கறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"எதுக்குத் தொறக்கணும். நான் காதால வேலை பாக்கல, கண்ணால பாத்தேன். வாக்கி அண்ணனுக்குன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்." அவள் சிக்னல்காரர் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராக, அவசரப்படாமல் சொன்னாள். "கண்ணு தெரியற எடத்துல உங்க கைய விட்டா எனக்கு வேற கை வேணாம்ணே. கண்ணு தெரியாத எடத்துல உங்க கொரல் எனக்கு வேணாம். கோச்சுக்காதீங்க."

"கோச்சுக்கல," என்றார் அவர். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

மேஸ்திரி ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "திங்கக்கெழம கம்பெனி டாக்டர் கிட்ட போ. என்ன எழுதுறாங்களோ அதுதான், நான் ஒரு எழுத்து மாத்தமாட்டேன். விட்டா தரையில நில்லு, லாரி வந்து நிக்கற எடத்துல. விடலைன்னா வீடுதான் மாப்ளே."

தரை என்பது புதுசாக வருகிறவர்களை நிறுத்தும் இடம். சேறு, லாரிப் புகை, மேலேயிருந்து கொட்டும் தூசி. லாரியிலிருந்து இறங்கும் சரக்கை பெல்ட் போட்டு மாட்டி, முதல் ஏழு மாடி உயரம் மட்டும் அனுப்பிவைக்கும் வேலை. மாடிக்காரியின் கூண்டுக்கு அந்த இடம் எப்போதும் நன்றாகத் தெரியும்.

"சரி," என்றார் சிக்னல்காரர்.

உள்ளே திரும்பிப் போனபோது எதிர் அணி ஒரு கோல் போட்டிருந்தது. அது தூணுக்குப் பின்னால் நடந்ததால் நெட்டையன் பார்க்கவில்லை. கடைசி வரை நீலச் சட்டை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போட்டியிலிருந்து வெளியே போனது.

பேருந்து நிறுத்தம் வரை ஐந்து பேரும் நடந்தார்கள். வெல்டர் சிக்னல்காரருக்கு முன்னால் வந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே, வாயைப் பெரிதாகத் திறந்து பேசினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"செத்தவருக்கு ஒரு நிமிசம் அமைதி குடுத்தா, அதுக்குள்ள நீ மேஸ்திரி பல்லப் பத்திப் பேசுற. அப்பறம் எப்படி ஜெயிப்பான் அவன்?"

"எனக்குத் தெரியாதுல்ல."

"தெரியாது சரி. காது கேக்குதான்னு கேட்ட பாரு. யாரு யாரக் கேக்கறதுன்னு ஒரு நியாயம் வேணாமாய்யா?" பின்னால் வந்த விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல அவரையே பார்த்தார். "இரு. எங்க மாமியா ஆஸ்பத்திரியில இருந்தப்போ சிரிச்சியே. அதுவும் இதானா?"

"ஆமா."

வெல்டர் கொஞ்ச தூரம் நேராக நடந்தார். "நான் உன்ன ரொம்பப் பெரிய ஆளா நெனச்சிருந்தேன்யா," என்றார்.

அணி தோற்றுவிட்டதால் மீதி ஆட்டங்களுக்கு இடம் மாற்றலாம், ராசி கெட ஒன்றும் மிச்சமில்லை என்று நெட்டையன் ஞாபகப்படுத்தினான். அப்போதுதான் சிக்னல்காரர் பின்வாசல் எதிரே உள்ள விதவையின் பாரைப் பற்றிச் சொன்னார். திரையின் அளவு, படத்தின் தெளிவு, நாற்காலி, விரிப்பு, கதவோடு கூடிய கழிப்பறை. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று வந்ததையும் சொன்னார். நாலு பேரும் நின்றுவிட்டார்கள். பேருந்து வரும் வரை ஆளுக்கொரு வாய் திட்டினார்கள், மேஸ்திரி உட்பட. அத்தனையும் முகத்துக்கு நேராகத் திட்டியதால் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பவில்லை.

டாக்டர் ரெண்டு காதிலும் குழாயை மாட்டிப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதினாள். வாக்கி கூடாது. கண் பார்வைக்குள் கைச் சைகை செய்யலாம், பக்கத்தில் எச்சரிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். வருஷம் ஒருமுறை மறுபடி வர வேண்டும். மேஸ்திரி அதைப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தரையை விரலால் காட்டினார்.

எட்டாவது மாடி ஒரு வியாழக்கிழமை காலையில் தொடங்கியது. மேலே வாக்கியோடு நெட்டையன் நின்றான். கீழே சிக்னல்காரர், எச்சரிக்கப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திக்கொண்டு, முதல் கம்பிக் கட்டுக்கு ரெண்டு பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தார். சூரியன் அதன் கண்ணாடியில் பட்டுக் கூசியது, அவள் முகம் தெரியவில்லை. வலது கையை உயர்த்திச் சுட்டுவிரலைச் சுழற்றினார், இடது கையை அதன் மேல் கவித்தார். கட்டு ஒரு சாண் எழும்பி, ஆடி, நின்றது. கவித்த கையை எடுத்தார். கட்டு ஏறியது.

மூன்று, நாலு, ஐந்து. விரல் சுழன்றுகொண்டே இருந்தது. ஏழாவது மாடி விளிம்பைக் கட்டு தாண்டியபோது அவர் கையை இறக்கினார். அங்கிருந்து அது வேறொருவன் குரலில் நகர்ந்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. கொக்கி வெறுமனே திரும்பி வரும் வரை ஏறத்தாழ நாலு நிமிஷம் அவருக்கு வேலையில்லை. அடுத்த கட்டின் நடுவை அடியெடுத்து அளந்து, பெல்ட்டைப் போட ஆரம்பித்தார்.